ஷாலுக்கு இரண்டரை மீட்டர், பாக்கெட்டுக்கு ஒரு சாண் இல்லை

“பாப்பா பெரிய மனுஷி ஆயிடுச்சாக்கா?”

செஞ்சியில் ஒரு துணிக்கடை. 2025 மே மாதக் கடைசி. ஜூன் 2 பள்ளி திறப்பு. மேல்மலையனூர், வளத்தி, ஆலம்பூண்டி பக்கமிருந்தெல்லாம் பஸ் ஏறி வந்த அம்மாக்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்குள் நெருக்கியடித்து நின்றிருந்தோம். கேட்டது கவுன்ட்டருக்கு அந்தப்பக்கம் நின்ற பெண். அவளுக்கே பத்தொன்பது, இருபது வயதுதான் இருக்கும். கேட்டது என் சின்ன மகளைப் பற்றி. அவளுக்குப் பதினொன்று நடக்கிறது. எங்களைச் சுற்றிப் பதினைந்து பேராவது இருந்தார்கள், அதில் பாதி ஆண்கள். அவள் வகுப்புப் பையன் ஒருவனும் அவன் அப்பாவோடு அங்கேதான் நின்றிருந்தான். சின்னவள் என் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

“எதுக்கும்மா கேக்குற?” என்றேன்.

“இல்லக்கா, ஆயிட்டா மேல லேடீஸ் செக்‌ஷன். ஆகலன்னா இங்கயே கிட்ஸ்ல எடுத்துடலாம்.”

அந்தப் பையனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. மீசை அரும்பிவிட்டதா, குரல் உடைந்துவிட்டதா என்று கேட்டுவிட்டு எந்தக் கடையிலும் பேண்ட் எடுத்துப் போடுவதில்லை. இடுப்புக்கு டேப் வைத்தார்கள், உயரம் பார்த்தார்கள், இரண்டு பேண்ட், இரண்டு சட்டை, பில். பத்து நிமிடம். போகும்போது அவன் அப்பா என்னைப் பார்த்து ஆறுதலாகச் சொன்னார்: “பொம்பளப் புள்ளைங்கன்னா கஷ்டம்தாம்மா.”

நல்ல மனிதர், நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அன்றிலிருந்து அந்த வாக்கியம் எனக்குச் செரிக்கவில்லை. என்ன கஷ்டம்? என் மகள் கஷ்டப்படுத்துகிற பிள்ளையே இல்லை. டேப்பைக் கொடுத்தால் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பாள். கஷ்டம் துணியில் இருக்கிறது, அதை வெட்டுகிறவர்கள் மனதில் இருக்கிறது, ஐந்தாம் வகுப்பு முடித்த பெண்ணுக்கு இனி என்ன போடலாம் என்று முடிவுசெய்து பட்டியல் அடித்துக் கொடுக்கிறவர்களிடம் இருக்கிறது. பிள்ளையைப் பெற்றபோதே கூடப் பிறந்ததுபோல அதை நம் மடியில் கட்டிவிடுகிறார்கள்.

அந்தப் பட்டியலைச் சொல்கிறேன். ஆண் பிள்ளைகளுக்கு ஒரே வரி: பேண்ட், சட்டை, பெல்ட், கறுப்பு ஷூ. பெண் பிள்ளைகளுக்கு ஆறாம் வகுப்பிலிருந்து சுடிதார், டாப் முட்டிக்குக் கீழே இறங்க வேண்டும், ஷால் ‘வி’ வடிவில் மடித்து இரண்டு தோளிலும் பின் குத்தியிருக்க வேண்டும், உள்ளே சிம்மீஸ் கட்டாயம், இரட்டைப் பின்னல், மடித்துக் கட்ட ரிப்பன், வார் வைத்த ஷூ. அப்புறம் லெக்கின்ஸ் கூடாது, டைட் ஃபிட்டிங் கூடாது என்று இரண்டு ‘கூடாது’. பள்ளியின் பெயர் வேண்டாம். இந்தப் பட்டியலைப் படிக்கிற எந்த அம்மாவும் தன் பிள்ளையின் பள்ளி என்றே நினைத்துக்கொள்வாள். சில பள்ளிகளில் ஷாலுக்குப் பதில் ஓவர்கோட். பெயரே விந்தையாக இல்லையா? பாறைக்கு நடுவில் கிடக்கிற ஊர் இது. பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் சந்திரகிரியும் ராத்திரி எட்டு மணிவரை திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். இந்த ஊரில் பதினொரு வயதுப் பெண்ணுக்குச் சட்டைமேல் கோட்டு.

இரண்டு செட் சீருடைக்கு அந்தப் பையன் வீட்டில் நான்கு துணி வாங்கினார்கள். நாங்கள் இரண்டு டாப், இரண்டு பேண்ட், இரண்டு ஷால், நான்கு சிம்மீஸ், ரிப்பன், ஒரு அட்டை சேஃப்டி பின். பெண்ணாக இருப்பதற்கு வசூலிக்கப்படும் வரி என்று இதைச் சொல்வார்கள். வரி கட்டினால் ரோடாவது போடுவார்கள் என்று எதிர்பார்க்கலாம். இங்கே கட்டிய பிறகு கிடைப்பது ஒரு பாக்கெட்கூட இல்லாத உடை.

சின்னவளோடு கடைக்குப் போனபோது எனக்கு இது இரண்டாவது வருடம். முந்தைய ஜூனில் பெரியவளுக்கு இதே சடங்கை நடத்தினேன். அப்போது நான் எதையும் கேட்கவில்லை. பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒன்றுவிடாமல் டிக் அடித்து, வீட்டுக்கு வந்து ஷாலை எப்படி மடிப்பது என்று கண்ணாடி முன்னால் நிற்கவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். இங்கே பின் குத்து, இங்கே இழுத்துவிடு, குனியும்போது இடது கையால் பிடித்துக்கொள். குனியும்போது பிடித்துக்கொள் என்று சொன்னது நான்தான். பள்ளியின் பட்டியலில் அது இல்லை.

(பெரியவளைப் பற்றி இங்கே எழுதுவதை அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். “எழுதும்மா, ஆனா பேரு போடாத” என்றாள்.)

அவள் ஓடுகிற பிள்ளை. ஐந்தாம் வகுப்பில் காணும் பொங்கலுக்குக் கோட்டைக்குப் போனோம். செஞ்சிக்காரர்களுக்கு அன்றைக்கு வேறு போக்கிடம் ஏது? டிரவுசரும் டி-ஷர்ட்டுமாக ராஜகிரி உச்சிக்கு எங்களுக்கெல்லாம் முன்னால் ஏறிப்போய், மேலேயிருந்து “இன்னும் எவ்ளோ நேரம்?” என்று கத்திக்கொண்டிருந்தாள். அடுத்த வருடம், ஆறாம் வகுப்பில், அதே கோட்டைக்குப் பள்ளியிலிருந்து கூட்டிப்போனார்கள். சீருடையில்தான் வரவேண்டும் என்று உத்தரவு. சாயங்காலம் வந்தவளிடம் மேலே போனியா என்றால், இல்லை என்றாள். கல்யாண மகால் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாளாம். ஏன்? காற்றில் ஷால் பறக்கிறது, குரங்கு பிடித்து இழுக்கிறது, படி செங்குத்தாக இருப்பதால் டாப் தடுக்கிறது, கீழேயிருந்து பையன்கள் பார்க்கிறார்கள். பையன்கள் ஓடினார்கள். பெண் பிள்ளைகளில் நாலைந்து பேர்தான் உச்சிவரை போனார்களாம். மற்றவர்கள் நெற்களஞ்சியத்தைப் பார்த்துவிட்டு நிழலில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டிருக்கிறார்கள்.

பன்னிரண்டு மாதத்தில் அவள் கால் பலம் குறைந்துவிடவில்லை. மலையின் உயரமும் கூடவில்லை. நடுவில் மாறியது உடை ஒன்றுதான்.

அந்த வருடம்தான் அவளுக்குக் கூன் விழ ஆரம்பித்தது. எலும்பில் கோளாறு ஏதும் இல்லை, தோளை முன்னால் குறுக்கிக்கொண்டு நடப்பாள். புத்தகப்பையை முதுகில் மாட்டாமல் மார்போடு அணைத்துக்கொள்வாள். நிமிர்ந்து நட என்று நானே அதட்டியிருக்கிறேன். குனியும்போது பிடித்துக்கொள் என்ற அதே வாயால் நிமிர்ந்து நட என்றும் சொன்னேன். பிள்ளை எதைக் கேட்பாள்?

ஷால் எங்கள் பண்பாடு என்று சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் படித்த காலத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு மேலே தாவணி. பிறகு தாவணி போய்ச் சுடிதார் வந்தபோது அதைப் பெரிய விடுதலையாகக் கொண்டாடினோம். கொண்டாடியதில் தப்பில்லை, சைக்கிள் ஓட்ட முடிந்தது. ஆனால் தாவணி போகும்போது தன் வேலையை ஷாலிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போனது. மானத்தைக் காக்கிற துணி ஒன்று மேலே கிடக்க வேண்டும் என்ற விதி மட்டும் மாறவில்லை. பள்ளியோடு அது முடிந்துபோவதும் இல்லை. 2019-ல் தமிழ்நாடு அரசு தன் ஊழியர்களுக்கு உடை ஒழுங்கு அறிவித்தபோது, பெண்களுக்குப் புடவை, அல்லது துப்பட்டாவோடு கூடிய சல்வார், சுடிதார் என்றது. துப்பட்டாவைத் தனியாகக் குறிப்பிட மறக்கவில்லை. பதினொரு வயதில் குத்திய பின், ஐம்பத்தெட்டு வயதுக்காரிக்கும் கழலவில்லை.

மார்பின்மேல் துணி என்பது இந்த மண்ணில் சாதாரண விஷயம் அல்ல என்பது எனக்குத் தெரியும். திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக அடி வாங்கினார்கள், வீடு எரிந்தது. பல பத்தாண்டுகள் போராடிய பிறகு 1859 ஜூலை 26-ஆம் தேதி அரசர் அறிக்கை விட்டார். அந்த அறிக்கையிலும் ஒரு கொக்கி: மேலாடை போட்டுக்கொள்ளலாம், உயர்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி மட்டும் போடக்கூடாது. அந்தப் பெண்கள் கேட்டது தன் உடலைத் தானே தீர்மானிக்கும் உரிமை. அதைத் தூக்கி வந்து, “மூடுவதற்காகவே போராடியவர்கள் நாம்” என்று என் மகளின் தோளில் பின் குத்துவதற்குப் பயன்படுத்துகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. போடாதே என்று அன்றைக்குத் துணியைக் கிழித்தவனும், போடு என்று இன்றைக்கு டைரியில் எழுதி அனுப்புகிறவரும், பெண்ணின் தோளில் என்ன கிடக்கலாம் என்பது தங்கள் இலாகா என்று நம்புகிறவர்கள்.

ஏழு வருடம் போடு போடு என்று சொல்லி வளர்த்த பிள்ளையை, பிளஸ் டூ முடித்ததும் நீட் தேர்வு வாசலில் நிறுத்திக் கழற்று என்கிறார்கள். 2017-ல் கண்ணூரில் ஒரு மாணவி, மெட்டல் டிடெக்டர் கத்தியது என்பதற்காக உள்ளாடையையே கழற்றிவிட்டுத் தேர்வு எழுத வேண்டியிருந்தது. நாடே பேசிய செய்தி. பண்பாட்டுக்காரர்களில் எத்தனை பேர் அன்றைக்கு வாய் திறந்தார்கள்?

இனி பாக்கெட்.

நம் பாட்டிகளுக்குப் பாக்கெட் இருந்தது. வெள்ளிக்கிழமை செஞ்சி ஆட்டுச் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். விடியற்காலையில் ஆட்டை விற்றுவிட்டு நிற்கிற கிழவி, இடுப்பிலிருந்து சுருக்குப்பையை உருவி, நோட்டை இரண்டாக மடித்து உள்ளே வைத்து, நாடாவை இழுத்துச் செருகிக்கொள்வாள். வெற்றிலை, சுண்ணாம்பு டப்பி, மருந்துச் சீட்டு, பேத்திக்கு வாங்கிய மிட்டாய் எல்லாம் அதற்குள். அது போக முந்தானை முடிச்சு இருக்கிறது, கொசுவத்துச் செருகல் இருக்கிறது, கடலை பறிக்கப் போனால் மடி இருக்கிறது. புடவையின் வேறு குறைகளைப் பற்றி நாள் முழுக்கப் பேசுவேன், ஆனால் வேலை செய்கிற பெண் அதைக் கட்டும்போது அது பை. ஐரோப்பாவிலும் இப்படித்தான் இருந்திருக்கிறது. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் அங்கே பெண்கள் பாவாடைக்குள் இடுப்பில் தனிப் பை கட்டிக்கொண்டார்கள். பிறகு உடம்போடு ஒட்டிய கவுன் நாகரிகமானதும் பை வெளியே வந்து, கையில் தொங்கும் குட்டிப் பர்ஸாகிவிட்டது. ஆண்களின் கோட்டில் மட்டும் பாக்கெட்டுகள் பெருகிக்கொண்டே போயின.

நம் பிள்ளைகள் விஷயத்தில் அதே கதை இன்னும் வேகமாக நடந்துவிட்டது. சுடிதார் மடியை எடுத்துக்கொண்டது, முந்தானையை எடுத்துக்கொண்டது, பதிலுக்கு எதையும் கொடுக்கவில்லை. இரண்டரை மீட்டர் ஷாலில் ஒரு நாணயம் வைக்க இடமில்லை. பையனின் சட்டையில் ஒன்று, பேண்டில் இரண்டு, பின்னால் ஒன்று, ஆக நான்கு பாக்கெட். பஸ் பாஸ், கர்ச்சீப், ஐந்து ரூபாய், பம்பரம் எல்லாம் உடம்போடு போகும். என் மகளுக்கு எல்லாமே புத்தகப்பைதான். பை வகுப்பறையில், அவள் மைதானத்தில். பஸ் பாஸை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டே நடந்து வியர்வையில் நனைத்துவிட்டு வருகிற பெண் பிள்ளைகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

மாதவிடாய் வந்த பிறகு இது வேறு கணக்கு. பெரியவளுக்கு ஆறாம் வகுப்பு டிசம்பரில் வந்தது. நாப்கினை ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் மடித்து வைத்துக்கொண்டு போனாள். கணக்குப் பாடத்தில் காம்பஸ் எடுக்கத் திறந்தபோது பக்கத்து பெஞ்சுப் பையன் பார்த்துவிட்டான். அன்றிலிருந்து அந்த நாட்களில் கழிப்பறைக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். காலை எட்டு மணிக்கு வைத்த நாப்கின் மாலை ஐந்துவரை. தண்ணீர் குடித்தால்தானே போக வேண்டியிருக்கும் என்று தண்ணீர் பாட்டிலை அப்படியே திருப்பிக் கொண்டுவருவாள். இதெல்லாம் எனக்குத் தெரியவே இரண்டு மாதம் ஆனது, சிறுநீர்க் கடுப்பு வந்து மருத்துவரிடம் போன பிறகு. கழிப்பறைக்குள் போனால் மட்டும் என்ன? நாடா முடிச்சை அவிழ்க்க வேண்டும், ஈரத் தரையில் பேண்ட் நுனி படாமல் சுருட்டிப் பிடிக்க வேண்டும், டாப்பை வாயில் கவ்வ வேண்டும், ஷாலைக் கழுத்தில் சுற்ற வேண்டும், நாப்கினை வைக்க ஒரு மாடம் இருக்காது. இரண்டு கைதானே கொடுத்திருக்கிறார் கடவுள்?

தமிழ்நாடு அரசு 2011-ல் அறிவித்த ‘புதுயுகம்’ திட்டத்தில், வளரிளம் பெண்களுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மூன்று பாக்கெட், மொத்தம் 18 நாப்கின் இலவசமாகத் தருகிறார்கள். இந்தியாவுக்கே முன்னோடியான திட்டம், மனதாரப் பாராட்டுகிறேன். 2012-13 முதல், ஒன்றிலிருந்து எட்டுவரை படிக்கும் சத்துணவுப் பிள்ளைகளுக்கு வருடத்துக்கு நான்கு செட் சீருடையும் இலவசம். அவற்றைத் தைத்துக் கொடுப்பதும் சமூக நலத்துறையின் கீழ் இயங்கும் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களின் பெண்கள். அரசு, தனியார் என்று பாராமல் எந்தப் பள்ளியில் படிக்கிற பெண்ணுக்கும் ‘பாக்கெட்’ என்றால் நாப்கின் பாக்கெட்டும் வேண்டும், அதை வைத்துக்கொள்ளச் சீருடையில் பாக்கெட்டும் வேண்டும். இரண்டையும் சேர்த்து யோசிக்க ஒரு மேசை, ஒரு மதியம் போதும். பெண்களே தைக்கிற துணி, பெண் பிள்ளைகள் போடுகிற துணி. உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு துண்டு கூடுதலாக வெட்டினால் வேலை முடிந்தது. ஆண் பிள்ளை, பெண் பிள்ளை எல்லோர் சீருடைக்கும் குறைந்தது ஒரு பாக்கெட் என்று எழுதிவைத்துவிட்டால், தனியார் பள்ளிகளும் மறுக்கச் சாக்குத் தேட வேண்டியிருக்கும்.

என்ன சாக்கு சொல்வார்கள் என்பதும் எனக்குத் தெரியும், கேட்டுவிட்டேன். இந்த முறை சின்னவளுக்குத் துணியாக எடுத்துத் தைக்கக் கொடுத்தேன். தையல்கார அண்ணன் முதலில் சிரித்தார். “லேடீஸ் டிரஸ்ல பாக்கெட் வெச்சா ஷேப் போயிடும்மா.” பதினொரு வயதுப் பிள்ளைக்கு என்ன ஷேப் அண்ணே என்றதும் பாவம், அவருக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது. டாப்பின் வலப்பக்கத் தையலில், ஓப்பனுக்கு மேலே, உள்ளே போகிற மாதிரி ஒரு பை. அவ்வளவுதான். நாற்பது ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டார்.

பள்ளியில் கேட்டபோதுதான் உண்மை வெளியே வந்தது. பெற்றோர் கூட்டத்தில் எழுந்து, எல்லாப் பெண் பிள்ளைகளின் சீருடையிலும் பாக்கெட் வைக்கச் சொல்லுங்கள் என்றேன். ஒரு ஆசிரியை, என் வயதுதான் இருக்கும், அக்கறையோடு பதில் சொன்னார்: “பாக்கெட் இருந்தா செல்போன் வெச்சுப்பாங்க மேடம். லெட்டர் வெச்சுப்பாங்க. அப்புறம் நாமதான் கஷ்டப்படணும்.” பையன்களுக்கு நாலு பாக்கெட் இருக்கிறதே, அவர்கள் எதை வைத்துக்கொள்கிறார்கள் என்று கேட்டேன். அறையில் சிரிப்பு. “அவங்க ஆம்பளப் பசங்க” என்று பின்னாலிருந்து ஒரு குரல். அந்தக் குரலும் ஒரு அம்மாவுடையது.

ஆக, ஷேப்பும் கிடையாது, ஒழுங்கும் கிடையாது. பெண் பிள்ளையிடம் அவளுக்கு மட்டும் தெரிந்த ஒரு பொருள் இருந்துவிடக் கூடாது. அதுதான் பயம். நாணயமோ நாப்கினோ கடிதமோ, அவள் உடம்போடு, அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில், நம் கண்ணுக்குத் தெரியாமல் ஏதாவது இருந்துவிடுமோ என்று. புத்தகப்பையைச் சோதிக்கலாம். பாக்கெட்டைச் சோதிக்கப் பிள்ளைமேல் கை வைக்க வேண்டும். சுருக்குப்பைக் கிழவியிடம் எவ்வளவு இருக்கிறது என்று அவள் மகனுக்கே தெரியாது. அந்தச் சின்ன ரகசியத்தில்தான் அவள் வீட்டில் அவளுக்கு இருக்கிற மரியாதையில் பாதி.

பேண்ட் சட்டையே போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே என்று தோழிகள் சொல்கிறார்கள். பெண்கள் கிராப் வெட்டிக்கொண்டு ஆண்களைப் போல உடுத்த வேண்டும் என்று பெரியார் எப்போதோ சொல்லிவிட்டார். கேரளத்தில் செய்தும் காட்டினார்கள். பெரும்பாவூர் அருகே வளையன்சிறங்கரை அரசுத் தொடக்கப்பள்ளியில் ஆண், பெண் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே டிரவுசர், ஒரே சட்டை. 2021 டிசம்பரில் கோழிக்கோடு மாவட்டம் பாலுசேரி அரசுப் பெண்கள் பள்ளியில் பிளஸ் ஒன் மாணவிகள் பேண்ட் சட்டையில் வந்தார்கள். சில மத அமைப்புகள் ஊர்வலம் போனதும் நடந்தது. அந்தப் பிள்ளைகளின் முகத்தைச் செய்தியில் பார்த்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஆனால் அதிலும் ஒரு இடத்தில் தயங்குகிறேன். அடுத்த இரண்டு மாதத்திலேயே, உடுப்பியில் ஹிஜாப் போட்ட மாணவிகளைச் சீருடை விதியைக் காட்டிக் கல்லூரி வாசலில் நிறுத்தினார்கள். 2022 மார்ச் 15-ல் கர்நாடக உயர்நீதிமன்றம் தடை செல்லும் என்றது. அக்டோபரில் உச்சநீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். வழக்கு அப்படியே நிற்க, பிள்ளைகளின் படிப்பு நின்றது. எனவே எல்லோரும் பேண்ட்தான் போட வேண்டும் என்று இன்னொரு பட்டியலை அடித்துக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. பேண்ட், சுடிதார், பாவாடை மூன்றும் கடையில் இருக்கட்டும், ஷாலோ கோட்டோ வேண்டும் என்கிறவள் போட்டுக்கொள்ளட்டும், வேண்டாம் என்கிறவளை யாரும் வாசலில் நிறுத்தாமல் இருக்கட்டும். மூன்றிலும் பாக்கெட் இருக்கட்டும். விளையாட முடிகிற ஷூ இருக்கட்டும். இவ்வளவுதான் கேட்கிறேன்.

அம்மாக்களிடம் தனியாகக் கொஞ்சம் பேச வேண்டும். கடையில் பட்டியலைப் பிடித்துக்கொண்டு நிற்பது நாம்தான். “நல்லா லூசா எடு, வளர்ற பொண்ணு” என்று இரண்டு சைஸ் பெரியதை மாட்டுவதும் நாம்தான். அதே பிள்ளைக்குப் பிறந்தநாளுக்கு எடுக்கப் போனால், தோளில் ஓட்டை வைத்த டாப்பும் மார்பில் ஜிகினா ஒட்டிய கவுனும்தான் மாட்டியிருக்கும். வார நாளில் மூடி வைக்க வேண்டிய உடம்பு, ஞாயிற்றுக்கிழமை பொம்மை. நடுவில் ஒரு பிள்ளை இருக்கிறாள், மரம் ஏறுவாள், சேற்றில் விழுவாள் என்று நினைத்துத் தைத்த துணி ஒன்றுகூட அந்த மாடியில் இல்லை. நான் தேடிவிட்டேன். கடைசியில் கீழே இறங்கிப் பையன்கள் பிரிவில் ஒரு கார்கோ பேண்ட் எடுத்தேன். ஆறு பாக்கெட். சின்னவள் ஒவ்வொன்றிலும் கையை விட்டுப் பார்த்து எண்ணினாள். பக்கத்தில் நின்ற அம்மா, “ஏங்க, அது பையன்துங்க” என்று எச்சரித்தார்.

நாம் இப்படி இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. பிள்ளைக்கு ஏதாவது நடந்தால், முதல் கேள்வி அவள் என்ன போட்டிருந்தாள் என்பது, இரண்டாவது கேள்வி அம்மா எங்கே போனாள் என்பது. அந்த இரண்டு கேள்விக்கும் முன்கூட்டியே பதில் தயாரித்துக்கொண்டுதான் நாம் துணி எடுக்கிறோம். அந்தப் பயத்தை நான் கேலி செய்யவில்லை, எனக்கும் இருக்கிறது. ஆனால் அதைப் பிள்ளையின் தோளில் ஏற்றிவிட்டு நாம் நிம்மதியாக இருப்பது நியாயமா? பள்ளி மேலாண்மைக் குழுக்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள் என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அரசுப் பள்ளிகளில் அந்த நாற்காலிகளில் நம்மைப் போன்றவர்கள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். சுற்றுச்சுவர், குடிநீர்த் தொட்டிக்குத் தீர்மானம் போடுகிற கூட்டத்தில் பாக்கெட்டுக்கும் ஒரு தீர்மானம் போடலாமே. சிரிப்பார்கள். குடிநீர்த் தொட்டிக்கும் முதலில் சிரித்திருப்பார்கள்.

அந்தக் கடைப் பெண்ணையும் மறக்க முடியவில்லை. மூன்று மணி நேரம் நாங்கள் துணி பார்த்தோம், மூன்று மணி நேரமும் அவள் நின்றாள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு சட்டம் போட்டுவிட்டது. நான் கவுன்ட்டருக்கு அந்தப்பக்கம் எட்டிப் பார்த்தேன், ஸ்டூல் எதுவும் தெரியவில்லை. எல்லோருக்கும் ஒரே நிறப் புடவை, பின் குத்திய முந்தானை. பில் போடும்போது அவள் பேனாவை ரவிக்கையிலிருந்து எடுத்தாள். “உன் யூனிஃபார்ம்லயும் பாக்கெட் இல்லையா?” என்றேன். சிரித்துவிட்டு, “எங்களுக்கு எதுக்குக்கா, உள்ள வரும்போதே போனை வாங்கி வெச்சுடுவாங்க” என்றாள். பெரிய மனுஷி ஆயிடுச்சா என்று அவளிடமும் யாரோ ஒருநாள் இப்படிப் பலர் முன்னால் கேட்டிருப்பார்கள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

பள்ளி திறந்து இரண்டாவது வாரம் சின்னவளின் டைரியில் குறிப்பு வந்தது: சீருடையில் மாற்றம் செய்யக் கூடாது. கீழே கையெழுத்துப் போடும் இடத்தில், எந்த விதியின்படி என்று கேட்டு எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை. அதற்குள் பெரியவள் தன் இரண்டு டாப்பையும் தூக்கிக்கொண்டு தானே தையல்காரரிடம் போய்வந்துவிட்டாள். அவள் வகுப்பில் இன்னும் மூன்று பேர் வைத்துக்கொண்டார்களாம். ஜூலையில் செஞ்சிக்கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த செய்தி வந்தபோது ஊரே பெருமைப்பட்டது. பள்ளியிலிருந்து மறுபடி கோட்டைக்குக் கூட்டிப்போவார்களாம். இந்த முறை ஷாலை மடித்துப் பையில் வைத்துவிடுவேன் என்கிறாள். பார்க்கலாம்.

சென்ற சனிக்கிழமை சின்னவளின் டாப்பைத் துவைக்கப் போடும்போது பாக்கெட்டில் கையை விட்டேன். ஐந்து ரூபாய் நாணயம் ஒன்று, நாலு புளியங்கொட்டை, பென்சில் சீவல், எட்டாக மடித்த காகிதம் ஒன்று. காகிதத்தைப் பிரிக்காமல் அவள் மேசைமேல் வைத்துவிட்டு, துணியை ஊற வைத்தேன்.